மரத்தைப் படித்தவர்

முதல் வருஷ ஒர்க்‌ஷாப் ஞாபகம் இருக்கா? கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து அளவெடு, அறு, இழை, ஜாயிண்ட் போடு என்பார்கள். போட்டோம், மார்க் வாங்கினோம், கட்டையைத் தூக்கி மூலையில் போட்டோம். அது என்ன மரம் என்று உங்களில் எத்தனை பேர் கேட்டீர்கள்? நான் கேட்கவில்லை. இரும்பு என்றால் மைல்டு ஸ்டீலா, காஸ்ட் அயர்னா என்று தெரிந்துகொள்வோம். மரம் என்றால் மரம், அவ்வளவுதான்.

அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகவே அரசாங்கச் சம்பளம் வாங்கிய ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் ஆர்தர் கோஹ்லர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மிஷிகாட் என்ற சின்ன ஊரில் 1885-ல் பிறந்தார். அப்பாவுக்கு விவசாயத்தோடு தச்சு வேலையும் தெரியும். அதனால் ரம்பமும் இழைப்புளியும் கோஹ்லருக்குச் சின்ன வயசிலேயே பழக்கம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்து 1911-ல் பட்டம் வாங்கினார். அமெரிக்க வனத்துறையில் வேலைக்குச் சேர்ந்து, 1914-ல் மாடிசன் நகரில் இருந்த வனப் பொருட்கள் ஆய்வகத்துக்கு வந்தார். அங்கிருந்து 1948-ல் ஓய்வு பெறும்வரை நகரவில்லை.

வேலை என்ன? நாடு முழுவதிலிருந்தும் மரத்துண்டுகள் தபாலில் வரும். கப்பல் கட்டுபவர், நாற்காலி செய்பவர், ஏமாற்றப்பட்டோமோ என்று சந்தேகப்படும் வியாபாரி என்று யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். இது என்ன மரம் என்று ஆய்வகம் பதில் எழுதும். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் இப்படிப் பார்த்துப் பார்த்து அவர் கண் பழகியது.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்பீர்கள். நிறத்தையும் வாசனையையும் வைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தால் தப்பு. வெயிலில் கிடந்தால் நிறம் மாறும், பழையதானால் வாசனை போய்விடும். மாறாதது உள்ளே இருக்கும் கட்டமைப்பு. கட்டையின் குறுக்குவெட்டை பிளேடால் வழவழப்பாகச் சீவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். தேக்கு, ஓக் மாதிரி மரங்களில் ஒவ்வொரு ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும். எல்ம் மரமாக இருந்தால், அந்த வரிசைக்கு அப்பால் இருக்கும் சின்னத் துளைகள் அலை அலையாகப் பட்டை கட்டியிருக்கும். பைன் வகையில் அப்படித் துளைகளே கிடையாது, அங்கங்கே பிசின் குழாய்கள் மட்டும் தெரியும். லென்ஸில் முடிவு தெரியவில்லை என்றால் கட்டையை வேகவைத்து மெதுவாக்கி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல் எடுத்து, மூன்று திசைகளில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

இதில் குற்றத்துக்கு என்ன இடம் என்றால், 1922 டிசம்பரில் விஸ்கான்சினில் ஒரு வீட்டுக்குத் தபாலில் வெடிகுண்டுப் பார்சல் வந்தது. வடிகால் வாய்க்கால் வெட்டும் விவகாரத்தில் உள்ளூர் அதிகாரி ஒருவர்மீது கோபம் கொண்ட யாரோ அனுப்பியது. அதிகாரியின் கை போனது, அவர் மனைவியின் உயிர் போனது. குண்டைச் சுற்றியிருந்த மரச் சிதறல்கள் கோஹ்லரிடம் வந்தன. எல்ம் என்றார். சந்தேகத்துக்கு ஆளான ஜான் மாக்னசன் என்ற விவசாயியின் பட்டறைத் தரையிலிருந்து சேகரித்த சீவல்களிலும் எல்ம் இருந்தது. அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கோர்ட்டில் மரமும் பேசும் என்று கோஹ்லருக்குத் தெரிந்தது அப்போதுதான். ஆனால் அவர் பெயரை உலகம் தெரிந்துகொள்ள இன்னும் பத்து வருஷம் ஆனது.

1932 மார்ச் 1. நியூஜெர்சி மாநிலத்தின் ஹோப்வெல் பகுதியில் ஒரு வீடு. 1927-ல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியாளாக, எங்கும் இறங்காமல் விமானம் ஓட்டிப் போன சார்லஸ் லிண்ட்பெர்க்கின் வீடு. அந்த இரவு மாடி அறையில் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய 20 மாதக் குழந்தையை யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். ஜன்னலோரம் 50,000 டாலர் கேட்டு ஒரு கடிதம், வெளியே சற்றுத் தள்ளி ஒரு ஏணி. ஏப்ரலில் பணம் கைமாறியது, குழந்தை வரவில்லை. மே 12-ல் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் உடல் கிடைத்தது.

அந்த ஏணியைச் சும்மா ஏணி என்று சொல்லிவிட முடியாது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று பகுதிகள். காரில் போட்டு எடுத்துப் போகத் தோதாக, யாரோ வீட்டில் செய்தது. பகுதிகளை இணைக்க மரமுளை. படிகளுக்கு நடுவே சாதாரண ஏணியைவிட அதிக இடைவெளி. ஒரு பகுதி பிளந்திருந்தது.

செய்தி வந்ததுமே உதவுகிறேன் என்று கோஹ்லர் லிண்ட்பெர்க்குக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அந்த வீட்டுக்கு அப்போது மூட்டை மூட்டையாக வந்த கடிதங்களில் அதுவும் ஒன்று. பிறகு ஏணியிலிருந்து சின்னச் சிராய்கள் மட்டும் மாடிசனுக்கு வந்தன. 1933-ன் தொடக்கத்தில்தான் நியூஜெர்சி மாநிலப் போலீஸ் அவரை டிரென்டனுக்கு வரவழைத்து முழு ஏணியையும் கண்ணில் காட்டியது. குற்றம் நடந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எத்தனையோ பேர் அதைத் தொட்டுப் புரட்டிவிட்டார்கள். கைரேகைக்கு இனி வாய்ப்பே இல்லை.

அவர் ஏணியை முழுசாகப் பிரித்தார். படிகளுக்கு 1 முதல் 11 வரை எண் போட்டார். பக்கச் சட்டங்கள் ஆறுக்கும் 12 முதல் 17 வரை. இந்த எண்களில் 16-ஐ மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் கேள்வி, என்ன மரம். படிகளில் பெரும்பாலானவை பாண்டரோசா பைன். சட்டங்களில் சில டக்ளஸ் ஃபர். டக்ளஸ் ஃபரின் நீள் செல்களுக்கு உட்சுவரில் ஸ்பிரிங் மாதிரி சுருள் தடிப்பு இருக்கும், அதனால் மைக்ராஸ்கோப்பில் தப்ப முடியாது. மரமுளை பிர்ச். (பிர்ச் மரத்தில் நீர் ஏற்றும் குழாய்கள் சேரும் இடத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குட்டிக் குட்டிப் படிகளோடு ஏணி மாதிரியே இருக்கும். ஏணிக்குள் ஏணி!) அடிப்பகுதியின் இரண்டு சட்டங்களும், அந்தப் பதினாறாம் சட்டமும், அமெரிக்கத் தென் மாநிலங்களில் வளரும் மஞ்சள் பைன்.

சரி, மரம் தெரிந்தது. கேஸ் முடிந்ததா? இல்லை. நம்மில் பலர் கோட்டைவிடும் இடம் இது. தெற்கு மஞ்சள் பைன் என்பது ஒரு இனம் அல்ல. லாப்லாலி, ஷார்ட்லீஃப், லாங்லீஃப் என்று பல இனங்கள் சேர்ந்த கூட்டம். இலையும் காயும் இருந்தால் பிரிக்கலாம். வெறும் கட்டையை வைத்து மைக்ராஸ்கோப் எவ்வளவு பெரிதாக்கினாலும் இதுதான் என்று உறுதியாகப் பிரிக்க முடியாது. அந்தக் கூட்டமோ பல மாநிலங்களில் பரந்து கிடக்கிறது, லட்சக்கணக்கான வீடுகளில் பலகையாக அடித்திருக்கிறது. மரத்தின் உடம்பு சொல்லக்கூடியது அதோடு நின்றுவிட்டது.

கோஹ்லர் அங்கே நிற்கவில்லை. மரத்தின் உள்ளே பார்த்தவர் அதன் மேல்தோலைப் பார்க்க ஆரம்பித்தார்.

மில்லில் பலகையை பிளேனர் மெஷினில் விட்டு இழைப்பார்கள் இல்லையா? சுழலும் உருளையில் வரிசையாகக் கத்திகள். பலகை அடியில் நகர நகர ஒவ்வொரு கத்தியும் மெல்லிய பள்ளம் ஒன்றைச் சீவிவிட்டுப் போகும். வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் கடற்கரை மணலில் தெரியும் அலைக்கோடு மாதிரி தெரியும். எல்லாக் கத்தியும் ஒரே உயரத்தில் இருந்தால் எல்லாப் பள்ளமும் ஒரே மாதிரி. ஆனால் ஒரு கத்தி சற்று நீட்டிக்கொண்டிருந்தாலோ, முனை உடைந்திருந்தாலோ, அது விடும் தடம் மட்டும் தனியாகத் தெரியும். அந்தத் தடம் மறுபடி வரும்வரை உள்ள தூரம்தான் உருளை ஒரு சுற்றுச் சுற்றும்போது பலகை நகர்ந்த தூரம். நடுவில் எத்தனை பள்ளம் என்று எண்ணினால் கத்திகளின் எண்ணிக்கை வந்துவிடும். நம்ம மில்லிங் மெஷினில் போடுகிற ஃபீட் பெர் டூத் கணக்கேதான், தலைகீழாக! நாம் மெஷினிலிருந்து தடத்தைக் கணக்கிடுவோம். அவர் தடத்திலிருந்து மெஷினைக் கணக்கிட்டார்.

அடிப்பகுதிச் சட்டங்கள் இரண்டிலும் கிடைத்த விடை இது. பலகையின் அகல முகத்தை இழைத்த உருளையில் 8 கத்திகள். விளிம்பை இழைத்த உருளையில் 6 கத்திகள். ஒரு சுற்றுக்கு பலகை நகர்ந்தது ஒரு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. முகத்தில் ஒரு அளவு, விளிம்பில் வேறு அளவு.

இந்த அமைப்புள்ள பிளேனர் எந்தெந்த மில்லில் இருக்கிறது? நியூயார்க்கிலிருந்து அலபாமா வரை இருந்த 1,598 மில்களுக்குக் கடிதம் போனது. இன்டர்நெட் இல்லை, எக்செல் இல்லை. தட்டச்சுக் கடிதமும் தபால்காரரும்தான். 25 மில்கள் ஆமாம் என்றன. அதில் இரண்டு, அந்த அளவுப் பலகையை இழைப்பதில்லை என்று விலகின. மீதி 23 மில்களிலிருந்து மாதிரிகள் வந்தன. ஒன்று பொருந்தியது. தென் கரோலினாவில் மெக்கார்மிக் என்ற ஊரில் இருந்த டார்ன் சகோதரர்களின் மில்.

அவர் நேரில் போனார். மெஷினை ஓட்டும் கப்பிகளில் ஒன்றை 1929 செப்டம்பரில் மாற்றியிருந்தார்கள். அந்தக் கப்பி வந்த பிறகு இழைத்த பலகையில்தான் ஏணியில் இருந்த அதே இடைவெளி விழுந்திருக்கும். ஆக அந்தத் தேதிக்குப் பிறகு, குற்றம் நடந்த நாளுக்கு முன்பு வடக்கே போன பலகைகள் போதும். பாருங்கள், ஒரு கப்பியின் விட்டம் காலெண்டராக மாறிவிட்டது!

அப்படியும் நாற்பதுக்கும் மேற்பட்ட ரயில் வேகன்கள். போலீஸ் துப்பறிவாளர் லூயிஸ் போர்ன்மேனும் கோஹ்லரும் ஒவ்வொரு மரவாடியாக ஏறி இறங்கினார்கள். எத்தனையோ இடத்தில் சரக்கு விற்றுத் தீர்ந்திருந்தது, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டுகூட இல்லை. 1933 நவம்பரில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நேஷனல் லம்பர் என்ற கடை. அங்கேயும் சரக்கு தீர்ந்துவிட்டது. ஆனால் வந்த லோடிலிருந்து சில பலகைகளை எடுத்துக் கடைக்குள்ளேயே மரம் அடுக்கும் தட்டுகளைக் கட்டியிருந்தார்கள். அதிலிருந்து ஒரு துண்டை அறுத்து எடுத்து லென்ஸை வைத்தார். உடைந்த கத்தியின் அதே தடம்.

ஒரு காட்டு மரத்தின் சட்டத்தை எடுத்துக்கொண்டு, ஆயிரத்துச் சொச்சம் மில்களைத் தாண்டி, ஒரு நகரத்தின் ஒரு கடைக்கு வந்து நின்றார் மனிதர். கடைக்காரர் சொன்ன பதில்? ரொக்க வியாபாரம், வாங்கியவர்கள் பெயர் எதுவும் இல்லை. பாதை அங்கேயே அடைத்துக்கொண்டது. அவர் மாடிசனுக்குத் திரும்பி வழக்கமான தபால் துண்டுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

குற்றவாளி என்று ஒருவரைக் காட்டிக்கொடுத்தது மரம் அல்ல, பணம். 1934 செப்டம்பரில் பிராங்க்ஸில் இருந்த ரிச்சர்டு ஹாப்ட்மேன் என்ற ஜெர்மானியத் தச்சர், பெட்ரோல் பங்கில் ஒரு 10 டாலர் நோட்டைக் கொடுத்தார். அந்த வகை நோட்டுகளை அரசாங்கம் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்த காலம். ஊழியர் சந்தேகப்பட்டு கார் நம்பரை நோட்டிலேயே குறித்து வைத்தார். அது பணயத்தொகையில் இருந்த நோட்டு. அவருடைய கேரேஜில் 14,000 டாலர்வரை கிடைத்தது. தொழில் கூட்டாளி ஒருவர் கொடுத்து வைத்த பணம், அவர் இறந்துவிட்டார் என்றார் ஹாப்ட்மேன். கோஹ்லர் வந்து நின்ற அதே மரக்கடையில் அவர் வேலை பார்த்தவர், 1931 டிசம்பரில் மரம் வாங்கியவர் என்றும் தெரிந்தது.

இப்போது பதினாறாம் சட்டத்துக்கு வருவோம். அதில் நான்கு ஆணித் துளைகள் இருந்தன. ஏணிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. துளைகள் சதுரம், அதாவது பழங்கால வெட்டு ஆணிகள். துளைகளைச் சுற்றித் துருக்கறை இல்லை, ஆகவே மழையும் ஈரமும் படாத இடத்தில் இருந்த பலகை. தரம் மட்டம். ஏதோ கட்டடத்தின் உள்ளே, பரண் மாதிரி இடத்தில் அடித்திருந்த பலகையைப் பெயர்த்துச் செய்தது இந்தச் சட்டம் என்று கோஹ்லர் 1933-லேயே முடிவு கட்டியிருந்தார். ஹாப்ட்மேன் என்ற பெயரே யாருக்கும் தெரியாத காலம் அது.

கைதுக்கு ஒரு வாரம் கழித்து, ஹாப்ட்மேன் குடியிருந்த வீட்டின் பரணில் ஒரு தரைப்பலகையின் பாதி இல்லை என்று போர்ன்மேன் கண்டுபிடித்தார். பலகை போன இடத்தில் உத்தரங்களில் ஆணித் துளைகள் மட்டும் மிச்சம். பதினாறாம் சட்டத்தை வைத்தார்கள். நான்கு துளையும் நான்கு துளைமேல் உட்கார்ந்தன. பரணில் மிச்சமிருந்த பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒன்றரை அங்குலம்கூட இல்லாத ஒரு துண்டு காணோம். இந்தப் பக்கம் முடிந்த ஆண்டு வளையங்களின் வளைவும் இடைவெளியும் அந்தப் பக்கம் அப்படியே தொடர்ந்தன. அதோடு, சட்டத்தின் விளிம்பில் இருந்த கை இழைப்புளியின் கீறல்கள் ஹாப்ட்மேனின் இழைப்புளி விடும் கீறல்களோடு ஒத்துப்போயின.

1935 ஜனவரியில் ஃபிளெமிங்டன் கோர்ட். கோஹ்லர் சாட்சிக் கூண்டில் ஏறியதுமே எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். மர நிபுணர் என்று ஒரு பிராணியே உலகத்தில் கிடையாது, இது விஞ்ஞானமே இல்லை, தச்சனுக்குத் தெரிந்ததுதான் என்கிற மாதிரி. நீதிபதி டிரென்சார்டு ஏற்கவில்லை. கோஹ்லர் நீதிபதியின் மேசையிலேயே ஒரு பட்டறைப் பிடியை மாட்டினார், ஹாப்ட்மேனின் இழைப்புளியை எடுத்து ஒரு கட்டையை இழைத்தார், மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். சின்ன வயசில் காசுமேல் பேப்பர் வைத்துத் தேய்ப்போமே, அதே டெக்னிக். கோடுகள் எழும்பின. ஏணியிலிருந்து எடுத்த காகிதத்தைப் பக்கத்தில் வைத்தார். ஜூரி பார்த்தது.

பிப்ரவரி 13-ல் தீர்ப்பு, குற்றவாளி. 1936 ஏப்ரல் 3-ல் டிரென்டன் சிறையில் மின்சார நாற்காலி. கடைசிவரை நான் செய்யவில்லை என்றார் ஹாப்ட்மேன். அவர் மனைவி அன்னா 1994-ல் சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கே உங்களை ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். இன்றும் இந்தக் கேஸை நம்பாதவர்கள் உண்டு, அவர்கள் கேட்கும் கேள்விகள் அசட்டுக் கேள்விகள் அல்ல. அந்தப் பரணைப் போலீஸ் முன்பே சோதித்திருந்ததே, அப்போது ஏன் கண்ணில் படவில்லை? பலகை கிடைத்தபோது வீடு போலீஸ் பொறுப்பில்தானே இருந்தது? பக்கத்திலேயே மரக்கடை இருக்கும்போது ஒரு தச்சர் குடியிருக்கும் வீட்டின் தரையையா பெயர்ப்பார்? இதையெல்லாம் படித்தபோது எனக்கும் கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஆனால் நான்கு ஆணித் துளைகளும் கைதுக்கு ஒன்றரை வருஷம் முன்பே குறிப்பில் ஏறியவை. பிறகு யாரோ பலகையை மாற்றி வைத்தார்கள் என்றால், அந்தத் துளைகளுக்கும் வளையங்களுக்கும் பொருந்தும் பலகையை அவர்கள் எங்கே தேடியிருப்பார்கள்? அதனால் பதினாறாம் சட்டம் அந்தப் பரணிலிருந்து வந்தது என்பதை நான் நம்புகிறேன்.

நம்புவது அதுவரைக்கும்தான். அன்று இரவு ஏணியில் ஏறியது யார், ஒருவரா இருவரா, குழந்தை எப்படி இறந்தது என்பதெல்லாம் எந்த வளையத்திலும் எழுதியிருக்கவில்லை. கோஹ்லரும் சட்டம் எங்கிருந்து வந்தது, எந்தக் கருவி தொட்டது என்பதைத்தான் சொன்னார். மிச்சத்தை மற்ற சாட்சிகளோடு சேர்த்து நிரப்பியது ஜூரி. அந்த நிரப்பலில் ஒரு மனிதனின் உயிர் இருந்தது.

வழக்குக்குப் பிறகு அவர் பெயர் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. மாடிசன் ஆய்வகத்துக்கு வந்த தபாலும் கூடியது. அவர் எப்போதும் போல லென்ஸோடு உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருந்தார். ஓய்வுக்குப் பிறகு கலிபோர்னியா போனார், லாஸ் ஏஞ்சலிஸில் 1967-ல் இறந்தார்.

ஏணி இன்னும் இருக்கிறது, நியூஜெர்சி மாநிலப் போலீஸின் அருங்காட்சியகத்தில். பதினாறாம் சட்டத்தில் அந்த நான்கு சதுரத் துளைகளும் அப்படியே இருக்கின்றன.